காஸ்ட்கோ, சாம்ஸ் கிளப் கார்டு எடுக்கலாமா? பழைய பில்லை வைத்துக் கணக்குப் போடுவது எப்படி

எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு லிட்டர் ஆலிவ் எண்ணெய் பாட்டில் ஒன்று பதினோரு மாதம் நின்றது. வாங்கிய அன்று, லிட்டருக்கு இவ்வளவு மிச்சம் என்று வண்டி நிறுத்துமிடத்திலேயே கணக்குப் போட்டுச் சந்தோஷப்பட்டவன் நான்தான். மூன்றில் ஒரு பங்கு தீர்ந்திருந்தபோது மூடியைத் திறந்தால் காறல் வாடை. மீதி குப்பைக்குப் போனது. உபயோகித்த எண்ணெய்க்கு மட்டும் கணக்குப் பார்த்தால், பாட்டிலில் ஒட்டியிருந்த விலையைப்போல மூன்று மடங்கு கொடுத்திருக்கிறேன்.

உறுப்பினர் கட்டணம் வாங்கும் மொத்தச் சரக்குக் கடைகளைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு இந்தப் பாட்டில்தான் ஞாபகம் வரும். கடையில் விலை மலிவு என்பது உண்மை. அந்த மலிவு உங்கள் வீட்டுக்கு வந்து சேர்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்கான பதில் கடையில் இல்லை, உங்களிடம் இருக்கும் பழைய பில்களில் இருக்கிறது. காஸ்ட்கோ, சாம்ஸ் கிளப், பீஜேஸ் என்று அமெரிக்காவில் இருக்கும் மூன்று பெரிய கிளப்களை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

முதலில், கடைக்கு எங்கிருந்து லாபம்?

இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். 1976-இல் சான் டியாகோவில் சால் பிரைஸ் என்பவர் பழைய விமானக் கொட்டகை ஒன்றில் ‘பிரைஸ் கிளப்’ தொடங்கினார். சிறு வியாபாரிகள் ஆண்டுக்கு 25 டாலர் கட்டி உள்ளே வந்து சரக்கு எடுக்கலாம் என்பதுதான் யோசனை. 1983-இல் சியாட்டிலில் காஸ்ட்கோவும் ஓக்லஹோமாவில் சாம்ஸ் கிளப்பும் வந்தன. அடுத்த ஆண்டு மாசசூசெட்ஸில் பீஜேஸ். 1993-இல் பிரைஸ் கிளப் காஸ்ட்கோவோடு இணைந்துவிட்டது.

இந்தக் கடைகளின் சூத்திரம் எளிது. பொருளில் லாபத்தைக் குறைத்துக்கொண்டு நுழைவுக் கட்டணத்தில் எடுப்பது. காஸ்ட்கோ எந்தப் பொருளிலும் ஏறக்குறைய 14, 15 சதவீதத்துக்கு மேல் விலையேற்றுவதில்லை என்பதைப் பல ஆண்டுகளாகக் கொள்கையாக வைத்திருக்கிறது. 2024 நிதியாண்டில் அதற்குக் கட்டணமாக மட்டும் வந்த பணம் 480 கோடி டாலருக்கு மேல். செயல்பாட்டு லாபத்தில் பாதிக்கு மேல் அதுதான்.

அதாவது, நீங்கள் கட்டணம் கட்டிவிட்டு கடைப் பக்கமே போகாவிட்டாலும் அவர்களுக்கு நஷ்டம் இல்லை. ஜிம் சந்தா மாதிரிதான். முதலில் பணம் கட்டியாகிவிட்டது, அதைத் தேற்ற வேண்டிய பொறுப்பு நம் தலையில்.

படி 1: மூன்று மாத பில்லை எடுங்கள்

ஒரு மாதம் போதாது. சலவைத்தூள், பல்பொடி, பேட்டரி, காகிதத் துண்டு எல்லாம் மாதாமாதம் வாங்குகிறவை அல்ல. நீங்கள் வழக்கமாகப் போகும் கடையின் செயலியில் பழைய பில்கள் இருக்கும். இல்லாவிட்டால் சமையலறை இழுப்பறையில் கசங்கிக் கிடப்பதைத் தேடி எடுங்கள்.

அதிலிருந்து ஒரு பட்டியல் எழுதுங்கள். விதி ஒன்றுதான்: மூன்று மாதத்தில் இரண்டு தடவையாவது வாங்கியிருக்க வேண்டும், வாங்கியது தீர்ந்திருக்க வேண்டும். ‘இனிமேல் நிறைய நட்ஸ் சாப்பிடுவோம்’ என்பதற்குப் பட்டியலில் இடமில்லை. அது சேமிப்பல்ல, ஆசை.

பெரும்பாலான வீடுகளில் பட்டியல் பன்னிரண்டு முதல் இருபது வரியில் முடிந்துவிடும். கொஞ்சமாக இருக்கிறதே என்று தோன்றினால் கவலைப்பட வேண்டாம். ஒரு காஸ்ட்கோ கடையில் மொத்தமே 4,000-க்கும் குறைவான வகைகள்தான் உண்டு. சாதாரண சூப்பர் மார்க்கெட்டில் பல பத்தாயிரம். உங்கள் பட்டியலில் உள்ள எல்லாமே அங்கே கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கிடைப்பவற்றிலும் நீங்கள் வாங்கும் பிராண்டு இருக்குமா என்பது சந்தேகம்.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று மாதத்தில் எவ்வளவு தீர்ந்தது, என்ன விலை கொடுத்தீர்கள் என்ற இரண்டு எண்கள் போதும்.

படி 2: கார்டு எடுக்காமலே விலை பாருங்கள்

கட்டணம் கட்டினால்தான் விலை தெரியும் என்பது இல்லை. உறுப்பினரான நண்பர் ஒருவரைப் பிடியுங்கள். காஸ்ட்கோவில் ஓர் உறுப்பினர் ஒரு தடவைக்கு இரண்டு பேரைக் கூட்டிப் போகலாம். கவுன்டரில் பணம் கட்டுவது மட்டும் உறுப்பினராக இருக்க வேண்டும். நண்பர் ‘ஷாப் கார்டு’ (முன்கூட்டியே பணம் போட்ட பரிசு அட்டை) ஒன்று வாங்கிக் கொடுத்தால், உறுப்பினர் அல்லாதவரும் அதைக் காட்டி உள்ளே போய் வாங்கலாம்.

இணையதளத்தில் விலை பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பல பொருள்களில் அனுப்பும் செலவையும் சேர்த்தே விலை போட்டிருப்பார்கள். கடைக்குள் அதே பொருள் குறைவாக இருக்கும். இன்ஸ்டாகார்ட் போன்ற டெலிவரி வழியாகப் பார்த்தாலும் கடை விலையைவிட ஏறித்தான் இருக்கும். ஆகவே ஒரு தடவையாவது நேரில் போவதே நல்லது.

போகும்போது தள்ளுவண்டி எடுக்காதீர்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கையில் பட்டியலும் போனும் மட்டும். உங்கள் பட்டியலில் உள்ள பொருளின் விலைச் சீட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நுழைந்ததும் பெரிய டிவிகள் வரிசையாக ஒளிரும். அவற்றைத் தாண்டிப் போங்கள். பால், இறைச்சி எல்லாம் கடைசிச் சுவரை ஒட்டித்தான் இருக்கும். காஸ்ட்கோவில் எந்த வரிசையில் என்ன இருக்கிறது என்று பலகைகூட வைப்பதில்லை. தேடிக்கொண்டு நடக்கட்டும், நடக்கும்போது இன்னும் நாலு பொருள் கண்ணில் படட்டும் என்பதுதான் ஏற்பாடு.

படி 3: ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள்

இங்கேதான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். பெரிய பெட்டியின் விலையையும் சின்னப் பெட்டியின் விலையையும் மனக்கணக்கில் ஒப்பிட்டால் பெரும்பாலும் தவறாகவே வரும். விலைச் சீட்டின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஓர் அவுன்ஸுக்கு எவ்வளவு, ஒரு பவுண்டுக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும். அதைப் பாருங்கள். ஆனால் ஒரு கடை பவுண்டில் போடும், இன்னொன்று அவுன்ஸில். 16 அவுன்ஸ் ஒரு பவுண்டு, ஏறக்குறைய 454 கிராம். திரவத்தில் 128 அவுன்ஸ் ஒரு கேலன், ஏறக்குறைய 3.8 லிட்டர். எடை அவுன்ஸும் திரவ அவுன்ஸும் வேறு வேறு, கலக்கக் கூடாது.

டாய்லெட் பேப்பரில் இருக்கும் தில்லுமுல்லு தனி ரகம். ‘30 ரோல்’ என்பதற்கு அர்த்தமே கிடையாது. ஒரு கம்பெனியின் ஒரு ரோல் இன்னொன்றின் இரண்டு ரோலுக்குச் சமமாக இருக்கும். உறையின் அடியில் மொத்தம் எத்தனை சதுர அடி என்று இருக்கும், அதுதான் எண். சலவைத் திரவத்தில் பாட்டில் அளவை விட்டுவிட்டு எத்தனை தடவை துவைக்கலாம் என்பதைப் பாருங்கள்.

அப்புறம், ஒப்பிடும்போது ஒரு கடையின் சொந்த பிராண்டை இன்னொரு கடையின் சொந்த பிராண்டோடு வையுங்கள். காஸ்ட்கோவின் கிர்க்லண்ட் 1995-இல் வந்தது, பல பொருள்களில் தரம் நன்றாகவே இருக்கிறது. அதைப் பெரிய கம்பெனிப் பொருளோடு ஒப்பிட்டு ‘பாதி விலை’ என்று மகிழ்வது நியாயமான கணக்கல்ல. நீங்கள் ஏற்கெனவே ஆல்டியிலோ வால்மார்ட்டிலோ அவர்களுடைய சொந்த பிராண்டை வாங்குகிறவர் என்றால் வித்தியாசம் பல பொருள்களில் சுருங்கிவிடும். சிலவற்றில் கிளப்தான் விலை அதிகமாகவும் இருக்கும்.

தள்ளுபடி நாள் பார்த்து, கூப்பன் வைத்து வாங்குகிறவர்களுக்கும் இதே கதை. காஸ்ட்கோவும் சாம்ஸும் தயாரிப்பாளர்களின் கூப்பனை ஏற்பதில்லை. பீஜேஸ் ஏற்கும். கூப்பன் சேர்ப்பதில் கெட்டிக்காரர் என்றால் மூன்றில் பீஜேஸை முதலில் பாருங்கள்.

படி 4: இப்போது கழிக்க ஆரம்பியுங்கள்

ஒரு வீட்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான். பட்டியலில் உள்ளவற்றுக்கு வழக்கமான கடையில் மூன்று மாதத்துக்கு 390 டாலர். அதே அளவு கிளப்பில் 330. வித்தியாசம் 60, ஆண்டுக்கு 240. கட்டணம் 65 போக 175 டாலர் லாபம் என்று பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள்.

வீணாவதைக் கழியுங்கள். கீரைப் பெட்டியில் கால்வாசி, ரொட்டியில் ஒரு பகுதி என்று மூன்று மாதத்துக்கு 9 டாலர் வைத்தாலும் ஆண்டுக்கு 36. போய்வரும் செலவு: மாதம் இரண்டு தடவை, போகவர 16 மைல் கூடுதல் என்றால், பெட்ரோல் மட்டும் ஒரு தடவைக்கு 1.75 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 24 தடவைக்கு 42. ஆக 240-இல் 36, 42, 65 போனால் மிச்சம் 97.

சரி, 97 டாலர் கெட்டதல்ல. இப்போது அதை 24-ஆல் வகுத்துப் பாருங்கள். நாலு டாலர் சில்லறை. ஒவ்வொரு தடவையும் பட்டியலில் இல்லாத, தேவையில்லாத ஏதாவது ஒன்று நாலு டாலருக்கு வண்டியில் ஏறினால் ஆண்டு லாபம் மொத்தமும் போச்சு. அந்தக் கடையில் நாலு டாலருக்கு என்ன கிடைக்கும்? பெரும்பாலானவை பத்து டாலருக்கு மேல். சோதனைக்காகக் கொடுக்கும் ஒரு துண்டு சீஸைத் தின்றுவிட்டுக் கூச்சத்தில் ஒரு கட்டி வாங்கினால் மூன்று தடவைக்கான லாபம் அதிலேயே போய்விடும்.

இதே வீடு மாதம் ஒரு தடவை மட்டும் போனால்? பயணச் செலவு 21 ஆகிறது, மிச்சம் 118. அதை 12-ஆல் வகுத்தால் ஒரு தடவைக்கு ஏறக்குறைய பத்து டாலர் வரை சறுக்கலாம். ‘கட்டணம் கட்டியாச்சே, அடிக்கடி போய்த் தேற்றுவோம்’ என்று நினைப்பது எவ்வளவு தப்பு என்று தெரிகிறதா? எவ்வளவு குறைவாகப் போகிறோமோ அவ்வளவு லாபம். கட்டணத்தை மறந்துவிடுங்கள், அது போன பணம்.

இன்னொரு ஓட்டை கண்ணுக்கே தெரியாது. பெரிய பாட்டில் இருந்தால் கை தாராளமாகிவிடுகிறது. சின்ன பாட்டிலில் ஒரு மூடி ஊற்றுகிறவர் பெரிய பாட்டிலில் ஒன்றரை ஊற்றுவார். பிஸ்கட் டின் பெரிதாக இருந்தால் தின்பதும் பெருகும். இதை எண்ணாக எழுத முடியாது. ஆனால் ஒரு பொருள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தீருகிறது என்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

எது தாங்கும், எது தாங்காது

தாங்குபவை: காகிதச் சரக்கு, குப்பைப் பை, சலவைத்தூள், பாத்திரச் சோப்பு, பேட்டரி, டயப்பர் (குழந்தை அடுத்த அளவுக்குத் தாவாத வரை), உப்பு, சர்க்கரை, வெள்ளை அரிசி. இவற்றுக்கு யோசிக்க வேண்டியதில்லை, இடம் இருந்தால் போதும்.

தாங்காதவற்றில் எண்ணெய்ச் சத்து உள்ளவைதான் ஏமாற்றும், பார்த்தால் கெட்டுப்போனது தெரியாது. திறந்த எண்ணெய், பாதாம், வால்நட், முழு கோதுமை மாவு, தவிடு நீக்காத அரிசி எல்லாம் காறிப்போகும். நட்ஸை ஃப்ரீசரில் வைத்தால் ரொம்ப நாள் வரும். மசாலாப் பொடி கெடாது, ஆனால் மணம் போய்விடும். துணி வெளுக்கும் பிளீச்கூட ஆறு மாதத்துக்குப் பிறகு வீரியம் குறைய ஆரம்பிக்கும் என்பது பலருக்குத் தெரியாது. மருந்து, சன்ஸ்கிரீன் வாங்குவதற்கு முன் தேதி பாருங்கள்.

இறைச்சியில் மிச்சம் அதிகம்தான், ஆனால் வீட்டுக்கு வந்த அன்றே ஒரு வேளைக்கு ஆகிற அளவில் பிரித்து, காற்றில்லாமல் கட்டி, தேதி எழுதி உறைய வைக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும். ‘நாளைக்குப் பிரிக்கலாம்’ என்று அப்படியே வைத்தால் ஒரு பெரிய பனிக்கட்டி கிடைக்கும். ஃப்ரீசர் சின்னதாக இருக்கும் அடுக்குமாடி வீட்டில் இந்த வரியே வேண்டாம்.

படி 5: பெட்ரோல், டயர், கண்ணாடி

சில வீடுகளுக்கு மளிகை ஒரு பொருட்டே அல்ல, பெட்ரோலே கட்டணத்தைத் தேற்றிவிடும். வாரம் 10 கேலன் போடுகிறவருக்குக் கேலனுக்கு 20 காசு குறைந்தால் வாரம் 2 டாலர், ஆண்டுக்கு 104. ஆனால் பங்க் உங்கள் வேலைக்குப் போகும் வழியில் இருக்க வேண்டும், வரிசையில் கால் மணி நேரம் இன்ஜினை ஓடவிடக் கூடாது. வித்தியாசம் ஊருக்கு ஊர் மாறும். இரண்டு வாரம் இரண்டு பங்க்கிலும் விலையைக் குறித்துவைத்துப் பாருங்கள்.

டயர், மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி போன்ற பெரிய செலவு ஒன்று இந்த ஆண்டு வரப்போகிறது என்று தெரிந்தால் அதற்காகவே ஓராண்டு சேரலாம். காஸ்ட்கோவில் டயர் வாங்கினால் பிறகு சுழற்சி, பேலன்ஸ், பஞ்சர் எல்லாம் அந்த டயரின் ஆயுள்வரை இலவசம். வாங்காமலே இருந்திருக்கக்கூடிய டிவியை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

மருந்துக்காக மட்டும் யோசிக்கிறீர்களா? காஸ்ட்கோ மருந்தகத்தில் மருத்துவர் சீட்டுக்கு மருந்து வாங்க உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. வாசலில் நிற்பவரிடம் மருந்தகம் என்று சொன்னால் விடுவார். சில மாநிலங்களில் மது வாங்கவும் கார்டு தேவையில்லை.

படி 6: எந்தக் கார்டு

காஸ்ட்கோவில் 2024 செப்டம்பர் முதல் சாதாரணக் கார்டு 65 டாலர், எக்ஸிக்யூட்டிவ் என்ற மேல் கார்டு 130. பீஜேஸ் 2025 ஜனவரியில் 60, 120 ஆக்கியது. சாம்ஸ் கிளப் 2022 அக்டோபரில் 50, 110 என்று உயர்த்தியது. சேரும் நாளில் அவர்கள் தளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், ஏறுமுகமாகவே இருக்கும்.

சாதாரணக் கார்டின் சமநிலைப் புள்ளியைச் சட்டென்று கண்டுபிடிக்க ஒரு வழி: கட்டணத்தை உங்கள் நிஜமான சேமிப்பு சதவீதத்தால் வகுங்கள். 65 டாலருக்கு 15 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 433 டாலர் வாங்கினால் கட்டணம் தேறும், மாதம் 36. பத்து என்றால் 650. வீணானதும் பயணமும் போக ஐந்துதான் மிஞ்சுகிறது என்றால் 1,300. தனியாக இருப்பவருக்கு அந்தக் கடைசி எண் கஷ்டம்.

எக்ஸிக்யூட்டிவ் கார்டில் 2 சதவீதம் திரும்பக் கிடைக்கும், ஆண்டுக்கு அதிகபட்சம் 1,250 டாலர். கூடுதலாகக் கட்டும் 65-ஐத் தேற்ற 3,250 டாலருக்கு வாங்க வேண்டும், மாதம் சுமார் 271. பெட்ரோல் இந்தக் கணக்கில் வராது, இதைக் கவுன்டரில் யாரும் தாமாகச் சொல்வதில்லை. கவுன்டர் ஊழியர் ‘மேல் கார்டுக்கு மாறினால் உங்களுக்குத்தான் லாபம்’ என்றால், போன ஆண்டு எவ்வளவு வாங்கினேன் என்று கேளுங்கள். அவர்கள் திரையிலேயே இருக்கும்.

பணம் கட்டும் விஷயத்திலும் ஒரு சின்ன முள். 2016-இலிருந்து அமெரிக்கக் காஸ்ட்கோ கடைகளில் கிரெடிட் கார்டு என்றால் விசா மட்டும்தான். உங்களிடம் இருப்பது வேறு கார்டு என்றால் அதில் வழக்கமாகக் கிடைக்கும் கேஷ்பேக்கை இழக்கிறீர்கள். அதையும் கழிக்க வேண்டும்.

படி 7: ஓராண்டு பார்த்துவிட்டு முடிவு

கணக்கு லேசாக லாபப் பக்கம் சாய்ந்தால் எடுத்துப் பாருங்கள். பயப்பட ஒன்றுமில்லை. பிடிக்கவில்லை என்றால் காஸ்ட்கோ கட்டணத்தை முழுவதுமாகத் திருப்பிக் கொடுக்கும், சாம்ஸ் கிளப்பும் அப்படியே. வீட்டில் இன்னொருவருக்கு இலவசமாக ஒரு கார்டு உண்டு, அதையும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு பெரிய பெட்டியைப் பாதியாகப் பிரித்துக்கொள்கிற வழக்கம் வந்துவிட்டால் தனியாக இருப்பவருக்கும் கணக்கு மாறிவிடும். முதல் ஆண்டுக்குத் தள்ளுபடி கொடுத்து இழுப்பார்கள். அடுத்த ஆண்டு தானாகவே முழுக் கட்டணம் கார்டிலிருந்து போகும்படி வைத்திருப்பார்கள். சேர்ந்த அன்றே அந்தத் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவையுங்கள்.

பில்களை ஓர் உறையில் போட்டுவாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு பில்லிலும் பட்டியலில் இல்லாததைப் பேனாவால் வட்டமிடுங்கள், ஒரு நிமிட வேலை. பதினோராவது மாதம் உறையைக் கவிழ்த்து வட்டமிட்ட தொகைகளைக் கூட்டுங்கள். எங்கள் வீட்டில் முதல் ஆண்டு அந்தக் கூட்டல் 212 டாலர் வந்தது. மனைவி பேசாமல் பில்லைத் திருப்பி வைத்தாள். அதில் ஒரு கூடாரமும் இருந்தது. நாங்கள் இதுவரை எங்கும் முகாம் போனதில்லை.